தளர்வதும் இறுக்குவதும்: வாகனப் பராமரிப்பில் தமிழ் வினைச்சொற்கள்



மொழி மன்றத்தின் மேடையில் மொழியியல் படித்த ஒருவன் கார் பட்டறையைப் பற்றிப் பேச வருவது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சொந்தப் பயன்பாட்டிலுள்ள கார்களுக்குக் காலமுறையில் கட்டாயச் சோதனை இல்லை. லாரி, பேருந்து, டாக்சி முதலிய வணிக வாகனங்கள் குறித்த இடைவெளியில் சோதனைக்குச் செல்ல வேண்டும். சொந்தக் காரோ பெரும்பாலும் கைமாறும்போதுதான் சோதனை நிலையத்தின் வாசலைக் காண்கிறது. சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே 3 ஆண்டு நிறைந்த கார், 10 ஆண்டு ஆகும் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் சோதனைக்குச் சென்றாக வேண்டும். அத்தகைய காவல் நம் நாட்டுச் சொந்தக் கார்களுக்கு இல்லாததால், வண்டியின் நலமும் அதில் ஏறிச் செல்லும் குடும்பத்தின் நலமும் உரிமையாளரும் மெக்கானிக்கும் பேசிக்கொள்ளும் சில நிமிடப் பேச்சை நம்பியிருக்கின்றன. இப்போது அந்த மெக்கானிக் பல வேளைகளில் வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். அவரும் தமிழர், நாமும் தமிழர் என்றால் பேச்சு தமிழில்தான் நடக்கிறது. அந்தப் பேச்சில் இருவரும் ஒரே பொருளைத்தான் புரிந்துகொள்கிறார்களா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

1. பண்ணுதல் என்னும் பழைய சொல்

“காரை சர்வீஸ் பண்ணணும்” என்ற தொடரிலிருந்து தொடங்குகிறேன். இதைக் கேட்டால் நம் தமிழாசிரியர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆங்கிலப் பெயர்ச்சொல் ஒன்றை எடுத்து அதன் வாலில் ‘பண்ணு’ என்று ஒட்டவைப்பது சோம்பேறித் தமிழ் என்பது அவர்கள் குறை. பெயர்ச்சொல்லைப் பற்றிய குறையைப் பிறகு பார்ப்போம். வினைச்சொல்லைப் பற்றிய குறை பொருந்தாது.

சங்கப் பாடல்களில் ‘பண்ணுதல்’ என்ற வினைக்கு ‘செய்தல்’ என்ற பொதுப்பொருளுக்கு அப்பால் இரண்டு நுட்பமான பொருள்கள் உண்டு. தேரைப் பண்ணுதல் என்றால், புறப்பாட்டுக்கு முன் தேரைச் சரிபார்த்து, குதிரை பூட்டி, ஓடுவதற்கு ஆயத்தமாக்குதல். யாழைப் பண்ணுதல் என்றால், நரம்புகளை முறுக்கியும் தளர்த்தியும் சுருதி சேர்த்தல். ஒரு வண்டியை ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்வதையும் ஓர் இசைக்கருவியைச் சுருதி கூட்டுவதையும் ஒரே வினையால் நம் முன்னோர் குறித்தார்கள். ஆங்கிலத்திலிருந்து வந்த ‘டியூன்-அப்’ என்ற சொல்லும் இசையிலிருந்து இயந்திரத்துக்குப் போனதுதான். நாம் ‘டியூன்-அப் பண்ணு’ என்று சொல்லும்போது, நம்மை அறியாமலே ஏறத்தாழ ஒரே கருத்தை இரண்டு மொழிகளில் அடுக்கிச் சொல்கிறோம்.

மற்றொரு சொல் ‘சேம அச்சு’. புறநானூற்றில் ஔவையார், தலைவன் ஒருவனைப் புகழும் இடத்தில் இதை உவமையாக ஆள்கிறார். உப்பு வணிகர் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நெடுவழியில் பாரம் ஏற்றிய வண்டியை ஓட்டிச் செல்பவர்கள். வழியில் என்ன நேருமோ என்று எண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். அதுவே சேம அச்சு. இன்று காரின் பின்பெட்டியில் கிடக்கும் உபரிச் சக்கரத்துக்கு அது மூதாதை. இந்தச் சொல்லிலிருந்து ஒரு செய்தி தெரிகிறது. முறிந்த பிறகு வருந்துவதற்கும் முறியும் என்று முன்கூட்டியே எண்ணிப் புறப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் நெடுங்காலத்துக்கு முன்பே சொல்லாக்கி வைத்திருந்தது. அந்த முன்னெண்ணம்தான் இன்றைய காலமுறைப் பராமரிப்பின் உயிர்.

2. பொருள் மாறிய டியூன்-அப்

சொல் அப்படியே இருக்க, அது குறிக்கும் பொருள் மாறிவிடுவதுண்டு. ‘டியூன்-அப்’ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1985இல் வெளிவந்த முதல் புரோட்டான் சாகாவும் 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் கார்புரேட்டர் கொண்ட வண்டிகள். அந்தத் தலைமுறை வண்டிகளிலும் அவற்றுக்கு முந்தியவற்றிலும் எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவைத் திருகைத் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டும். இன்னும் பழைய வண்டிகளில் தீப்பொறி பிறக்க வேண்டிய நொடியை ‘பாயிண்ட்’ என்ற சிறு உலோக முனைகள் திறந்து மூடித் தீர்மானித்தன. அந்த முனைகள் ஒவ்வொரு பொறிக்கும் சிறிது கருகும், சிறிது தேயும். இடைவெளி மாறினால் பொறி பிறக்கும் நேரம் மாறும். நேரம் மாறினால் இயந்திரம் இழுக்காது, எரிபொருள் வீணாகும். ஆகவே சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மெக்கானிக் மெல்லிய அளவுத் தகட்டை இடையில் செருகி, அரை மில்லிமீட்டர் அளவான அந்த இடைவெளியைச் சரிசெய்வார். பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு, காது கொடுத்துக் கேட்டபடி கார்புரேட்டர் திருகைத் திருப்புவார். அது மெய்யாகவே சுருதி கூட்டும் வேலைதான்.

மின்னணுப் பொறிமுறை வந்ததும் பாயிண்ட் மறைந்தது. எரிபொருளைப் பீய்ச்சும் முறை வந்ததும் கார்புரேட்டர் மறைந்தது. இன்றைய காரில் கலவையையும் நேரத்தையும் கணினி ஒவ்வொரு நொடியும் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. திருப்புவதற்குத் திருகு இல்லை. ஆனால் சொல் மறையவில்லை. இன்று ‘டியூன்-அப்’ என்றால் பெரும்பாலும் பிளக் மாற்றுதல், காற்று வடிகட்டியைப் பார்த்தல், காற்று புகும் வாயில் படிந்த கரியைத் துடைத்தல், கணினியில் பதிந்துள்ள பிழைக்குறிகளைப் படித்தல் ஆகியவை அடங்கிய வேலை.

அறுபது வயதைக் கடந்த ஒருவர் இந்தச் சொல்லைக் கேட்கும்போது அவர் மனத்தில் எழுவது பழைய வேலை. இருபத்தைந்து வயது மெக்கானிக் மனத்தில் இருப்பது புதிய வேலை. இருவரும் ‘டியூன்-அப்’ என்றே சொல்கிறார்கள், இருவரும் தலையசைக்கிறார்கள். பெயர்ச்சொல்லை மட்டும் பரிமாறிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். இதிலிருந்து விடுபட மூன்று வினைச்சொற்கள் போதும். “எதையெல்லாம் மாற்றுவீர்கள், எதையெல்லாம் துடைப்பீர்கள், எதையெல்லாம் அளப்பீர்கள்?” என்று கேளுங்கள். மறைந்திருந்த வேலை முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

3. எது முந்துகிறதோ அது

காருடன் வரும் கையேட்டின் மையமான இலக்கணம் ஒரே ஒரு தொடரில் அடங்கியிருக்கிறது. ‘10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அது’ என்பது இன்று பல கையேடுகளில் காணும் பொதுவான கணக்கு. நம்மில் பலர் முற்பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். ஓய்வு பெற்றவர்களின் கார் ஆண்டு முழுவதும் 4,000 கிலோமீட்டர்கூட ஓடாது. “ஓடவே இல்லையே, எதற்கு சர்வீஸ்?” என்று அவர்கள் கேட்பது இயல்பு. ஆனால் எண்ணெய் ஓடினாலும் கெடும், நின்றாலும் கெடும். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் சென்று திரும்பும் குறும்பயணங்களில் இயந்திரம் முழுச்சூட்டை எட்டுவதில்லை. அதனால் உள்ளே சேரும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகாமல் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. ‘எது முந்துகிறதோ’ என்பதிலுள்ள அந்த ஓகாரத்தை விட்டுவிட்டால் கையேட்டின் பாதியை விட்டுவிட்டதாகப் பொருள்.

எண்ணெயைப் பற்றி இன்னும் ஒன்று. மலாய்ப் பேச்சில் இயந்திர எண்ணெய்க்கு ‘மினியாக் ஹீத்தாம்’, அதாவது கறுப்பு எண்ணெய் என்று பெயர். நம்மவர் பேச்சிலும் இதைக் கேட்கலாம். புட்டியிலிருந்து ஊற்றும்போது அது தேன் நிறத்தில்தான் இருக்கிறது. ஓடிய பிறகே கறுக்கிறது. பெயர் பழகிவிட்டதால் சிலர் கறுமையைப் பொருட்படுத்துவதே இல்லை. வேறு சிலர் “கறுத்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்” என்று யாராவது சொன்னதும் அஞ்சிவிடுகிறார்கள். எண்ணெயிலுள்ள சேர்மங்கள் கரியைத் தம்மிடம் இழுத்து வைத்துக்கொள்வதால்தான் அது கறுக்கிறது. கறுமை மட்டுமே கேட்டுக்கு அடையாளம் ஆகாது. அளவுக்கோலில் எண்ணெய் குறைந்திருந்தால் கவலைப்பட வேண்டும். பால் கலந்த காப்பி போலத் தெரிந்தால் இன்னும் கவலைப்பட வேண்டும், ஏனெனில் குளிர்விக்கும் நீர் எண்ணெயோடு கலந்திருக்கக்கூடும்.

பிரேக் எண்ணெயின் கதை வேறு. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 3 என்னும் தரத்துப் புதிய எண்ணெய் குறைந்தது 205 பாகைச் செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய நிலையில் அதற்கு விதித்த எல்லை 140 பாகைதான். கேமரன் மலையிலிருந்தோ கெந்திங்கிலிருந்தோ பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது பிரேக் கடுமையாகச் சூடேறும். எண்ணெய் கொதித்துக் குமிழி உண்டானால் மிதி தரை வரை இறங்கும், வண்டி நிற்காது. அதனால்தான் ஏறத்தாழ 2 ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறார்கள். சரிவில் தாழ்ந்த கியரில் இறங்கச் சொல்வதும் அதற்காகவே.

நம் வெப்ப நாட்டில் பேட்டரியின் ஆயுளும் குறுகியது. இரண்டு ஆண்டு கடந்த பேட்டரியை அவ்வப்போது அளந்து பார்ப்பது நல்லது. முழு மின்னேற்றம் கொண்ட பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். இயந்திரம் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வரை காட்டும். குளிர்விப்பு நீர்மமும் குளிர்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. உறையாமல் காப்பதோடு, கொதிநிலையை உயர்த்துவதும் உள்ளே துருப் பிடிக்காமல் தடுப்பதும் அதன் வேலைகள். குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டுபவர் பின்னாளில் ரேடியேட்டரைத் துருவோடு கழற்ற நேரிடும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2322 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் முதிர்ந்த ரப்பர் வெடிக்கும் என்பதை மறவாதீர்கள்.

4. தன்வினையும் பிறவினையும்

இப்போது என் துறைக்கு வருகிறேன். தளர்கிறது, தளர்த்துகிறோம். இறுகுகிறது, இறுக்குகிறோம். கழல்கிறது, கழற்றுகிறோம். மாறுகிறது, மாற்றுகிறோம். நிரம்புகிறது, நிரப்புகிறோம். தேய்கிறது, தேய்க்கிறோம். குறைகிறது, குறைக்கிறோம். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்த இந்த இணைகளை நீங்கள் மறந்திருக்கலாம். பட்டறையில் அவை ஒவ்வொரு நாளும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

பொருள்கள் தாமாகத் தளர்கின்றன, தேய்கின்றன, கசிகின்றன, அடைபடுகின்றன. யாரும் செய்யாமலே அவை நடக்கின்றன. அவற்றுக்கு எதிராக மனிதர் ஒருவர் இறுக்குகிறார், மாற்றுகிறார், நிரப்புகிறார். தானே நடப்பதற்கும் ஒருவர் செய்வதற்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கும் இந்தப் போட்டியைத்தான் பராமரிப்பு என்கிறோம். தமிழில் அந்த வேறுபாடு வினையின் வடிவத்திலேயே பொதிந்திருப்பதால், பொறுப்பு யாருடையது என்பதும் அந்த வடிவத்திலேயே தெரிந்துவிடுகிறது. “நட்டு தளர்ந்திருந்தது” என்றால் ஒரு செய்தி. “நட்டைத் தளர்த்தியிருந்தார்கள்” என்றால் வேறு செய்தி. பட்டியலில் ஆங்கிலத்தில் ஒரு பொருளின் பெயரும் அதன் எதிரே விலையும் மட்டும் இருக்கும்போது, அதற்கு என்ன நேர்ந்தது, அதை யார் என்ன செய்தார் என்ற இரண்டும் மறைந்துபோகின்றன. வினை இல்லாத பட்டியலைக் கையில் வாங்கும்போது, அதற்குரிய வினைகளை வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

வினையோடு அடையும் வேண்டும். என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவர் வழக்கமாகச் செல்லும் பட்டறையில், “பெல்ட் மாற்றும் காலம் வந்துவிட்டது” என்றார்கள். அவர் குனிந்து பார்த்தார். இயந்திரத்தின் வெளியே சுழலும் வார் நன்றாகத்தான் இருந்தது. “அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டார். பட்டறைக்காரர் குறித்தது வெளியே தெரியாத உள் வாரை. இயந்திரத்தின் இரு தண்டுகளை ஒரே ஒழுங்கில் சுழலவைப்பது அது. பல கார்களில் அதன் ஆயுள் ஏறத்தாழ 100,000 கிலோமீட்டர். சில வாரம் கழித்து, இரவில், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பாவுக்கு அருகே அந்த வார் அறுந்தது. மனைவியும் பேரனும் உடனிருக்க, லாரிகள் உரசிச் செல்லும் ஓரத்தடத்தில் இருட்டில் நின்றார். வால்வுகள் வளைந்து, இயந்திரத்தையே பிரிக்க வேண்டியதாயிற்று. பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை, நண்பரும் அசட்டையானவர் அல்லர். ‘பெல்ட்’ என்ற ஒரே சொல் இருவருக்கும் இரண்டு பொருளைக் குறித்தது, அவ்வளவுதான். ‘வெளி பெல்ட்’, ‘உள் பெல்ட்’ என்று ஓர் அடையைச் சேர்த்திருந்தால் அந்த இரவு வந்திராது. புரோட்டானின் கேம்ப்ரோ இயந்திரம் போன்றவை உள் வார் கொண்டவை. மைவியில் அதற்குப் பதிலாகச் சங்கிலி இருக்கிறது. உங்கள் காரில் இருப்பது வாரா, சங்கிலியா என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

5. ஓசையைச் சொல்லத் தெரிந்த மொழி

நோயாளி மருத்துவரிடம் வலியை விவரிப்பது போல, உரிமையாளர் மெக்கானிக்கிடம் ஓசையை விவரிக்க வேண்டும். இங்கே தமிழின் வளம் பெரிது. தொல்காப்பியர் இரட்டைக்கிளவியைத் தனியே எடுத்துப் பேசுகிறார். இசை, குறிப்பு, பண்பு என்ற மூன்றின் அடியாகப் பிறக்கும் சொற்களை உரியியலில் விரிக்கிறார். ஓசையைச் சொல்லால் வரைவது இம்மொழிக்குப் பழகிய கலை. “ஒரு மாதிரி சத்தம் வருது” என்று சொல்லி அந்தக் கலையை நாம் வீணாக்குகிறோம்.

காலையில் வண்டியைக் கிளப்பியதும் முன்பக்கத்திலிருந்து ‘கீச்’சென்ற ஒலி வந்தால், வெளி வார் தளர்ந்திருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் பிரேக் கட்டை தேய்ந்ததற்கு அறிகுறியாக இருக்கலாம். சில கட்டைகளில் இதற்கென்றே சிறு உலோக நாக்கு வைத்திருக்கிறார்கள். கீச்சொலி ‘கரகர’ என்று மாறினால் உலோகமும் உலோகமும் உரசுகின்றன. அதன்பின் வண்டியை எடுக்கக் கூடாது. சக்கரத்தை முழுதாகத் திருப்பி வளையும்போது ‘டக்டக்’ என்று கேட்டால் முன்சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் தண்டின் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வேகம் கூடக் கூட வண்டு ரீங்கரிப்பது போன்ற ஒலியும் கூடினால் சக்கரத்தின் பேரிங்கோ, ஒழுங்கின்றித் தேய்ந்த டயரோ காரணமாகலாம். மேட்டில் ஏறி இறங்கும்போது ‘கடகட’வென்றால் தொங்கலமைப்பின் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்டு விளக்கு மங்கினால் பேட்டரியை அளக்க வேண்டும்.

எந்த ஓசை, எப்போது, எந்தப் பக்கம், எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்தில் அடங்கும். “இடப்பக்கம் முன்னால, பிரேக் மிதிச்சா மட்டும் கீச்சுன்னு கேக்குது, காலை எடுத்தா நின்னுடுது” என்று சொல்லும் பாட்டி, மெக்கானிக்கின் அரைமணி நேரத் தேடலைக் குறைத்துவிடுகிறார். தேவையற்ற பாகம் மாற்றப்படும் வாய்ப்பையும் குறைத்துவிடுகிறார்.

6. வாசலுக்கு வரும் பட்டறை

நடமாடும் நூலகம், நடமாடும் மருந்தகம் என்ற வழக்கைப் பின்பற்றி இதை ‘நடமாடும் பட்டறை’ என்று அழைக்கலாம். முதியோருக்கும் கைக்குழந்தை வைத்திருப்போருக்கும் இது பெரிய உதவி. எண்ணெயும் அதன் வடிகட்டியும், காற்று வடிகட்டி, பேட்டரி, பிளக், மழைத்துடைப்பான், பிழைக்குறி படித்தல் ஆகியவை வாசலிலேயே நன்றாக நடக்கும். பிரேக் கட்டையும் மாற்றலாம். ஆனால் தரை சமமாக இருக்க வேண்டும், வண்டி ஜாக்கியின் மேல் மட்டும் நில்லாமல் தாங்கிகளின் மேல் நிற்க வேண்டும். சக்கரக் கோணம் பார்த்தல், கியர்ப்பெட்டியைக் கழற்றுதல், உள் வார் மாற்றுதல் போன்றவற்றுக்குப் பட்டறைதான் ஏற்ற இடம். இந்த எல்லையைத் தானே எடுத்துச் சொல்லும் மெக்கானிக்கை நீங்கள் நம்பலாம்.

வடித்த பழைய எண்ணெய் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிமுறைகளின்படி, பயன்படுத்திய மசகு எண்ணெயும் பழைய ஈய பேட்டரியும் பட்டியலிடப்பட்ட கழிவுகள். வீட்டு வடிகாலில் ஊற்றிவிட்டுப் போக யாருக்கும் உரிமையில்லை.

என் தெருவில் கேட்ட உரையாடல் ஒன்றை மொழிச் சான்றாக முன்வைக்கிறேன். மெக்கானிக் இளைஞர், காரின் உரிமையாளர் எழுபதை நெருங்கும் அம்மையார்.

“பேட்டரி வீக் ஆயிடுச்சும்மா, மாத்திடலாம்.”

“வீக்குன்னா எவ்வளவு வீக் தம்பி?”

இளைஞர் ஒரு கணம் நின்றார். பிறகு வேனிலிருந்து மீட்டரை எடுத்து வந்து வைத்தார். “பாருங்கம்மா, பதினொன்னு புள்ளி ஒம்பது காட்டுது. பன்னெண்டரைக்கு மேல இருக்கணும்.”

“சார்ஜ் ஏத்துனா ஏறுமா, இல்ல ஏறுனாலும் நிக்காதா?”

“ரெண்டு வருஷம் தாண்டிடுச்சும்மா. ஏறும், ஆனா நிக்காது.”

“அப்ப மாத்திடு.”

இதில் ஆங்கிலப் பெயர்கள் உண்டு. ஆனால் அறிவு முழுவதும் தமிழில் நடந்திருக்கிறது. ‘எவ்வளவு’ என்ற வினா ஒரு மங்கலான சொல்லை எண்ணாக மாற்றியது. ‘ஏறுமா, நிற்குமா’ என்ற இரு வினைகள் மின்னேற்றக் குறைவையும் பேட்டரியின் முதுமையையும் வேறுபடுத்திக் காட்டின. அம்மையார் எந்தக் கலைச்சொல்லும் கற்றவர் அல்லர். கேட்கத் தெரிந்தவர், அது போதுமாக இருந்தது. அந்த இளைஞரையும் பாராட்ட வேண்டும். கேள்வி எழுந்ததும் சினம் கொள்ளாமல் மீட்டரை எடுத்து வந்தார்.

7. பெயர்ச்சொற்களைப் பற்றி ஒரு சொல்

அப்படியானால் கலைச்சொல்லாக்கம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பாடநூலுக்கும் தொழிற்பயிற்சிக்கும் அது இன்றியமையாதது. ஆனால் இரவல் பெயர்களைக் கண்டு நாம் நாணவும் வேண்டியதில்லை. மலாய்மொழியைப் பாருங்கள். ‘கெரேத்தா’, ‘ரோடா’ என்பவை போர்த்துக்கீசிய வழி வந்தவை. பட்டறையைக் குறிக்கும் ‘பெங்கெல்’ டச்சிலிருந்து வந்தது. மெக்கானிக்கைக் குறிக்கும் ‘போமென்’ ஆங்கில ‘ஃபோர்மன்’ என்பதன் உருமாற்றம். டயர் கடைக்கு ‘கெடாய் தாயார்’ என்று பலகை தொங்குகிறதே, அதில் முதற்சொல் நம் ‘கடை’. வாகனம் எங்கும் பல கைகள் மாறி வந்த பொருள். அதன் சொற்களும் அப்படியே வந்துள்ளன.

எந்தப் பெயர் நிலைக்கும் என்பதை வழக்கே தீர்மானிக்கும். ‘வடிகட்டி’, ‘திருகு’, ‘பட்டறை’, ‘சங்கிலி’ ஆகியவை இன்றும் வாயில் வாழ்கின்றன. அவற்றை விடாமல் வழங்குவோம். ‘பிளக்’, ‘கியர்’, ‘பேட்டரி’ ஆகியவை இரவல்தான். அவற்றைச் சுற்றித் தமிழ் வேற்றுமையும் தமிழ் வினையும் உயிரோடு இருக்கும் வரை எனக்குக் கவலையில்லை. என் கவலை வேறு. நம் பிள்ளைகள் காரின் நிலையை விவரிக்கும்போது ‘கசியுது’, ‘தளர்ந்திருக்கு’, ‘அடைச்சிருக்கு’, ‘உரசுது’ என்ற வினைகள் குறைந்து, ‘ப்ராப்ளம்’ என்ற ஒற்றைப் பெயர் அந்த இடங்களை எல்லாம் நிரப்பிக்கொண்டிருக்கிறது. அது தமிழுக்கும் இழப்பு, காருக்கும் இழப்பு. கசிவுக்கு ஒரு மருந்து, உராய்வுக்கு வேறு மருந்து. ‘ப்ராப்ளம்’ என்பதற்கு மருந்து ஏது?

8. செய்யத்தக்கவை

மூன்று பரிந்துரைகளோடு நிறைவு செய்கிறேன்.

முதலாவது, வீட்டுக்கு ஒரு வண்டிக் குறிப்பேடு. தேதி, ஓடிய கிலோமீட்டர், என்ன மாற்றப்பட்டது, என்ன அளக்கப்பட்டது, அடுத்தது எப்போது என்று ஐந்து கட்டங்களைத் தமிழில் வரைந்து வண்டியிலேயே வையுங்கள். நடமாடும் மெக்கானிக் மாறிக்கொண்டே இருப்பார். வண்டியின் நினைவு உங்கள் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது, பள்ளிகளுக்கு. இடைநிலைப்பள்ளியில் தன்வினை, பிறவினை கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு நாள் மாணவர்களைப் பள்ளியின் வாகன நிறுத்துமிடத்துக்கு அழைத்துச் செல்லலாம். மூடியைத் திறந்து காட்டி, எது தேயும், எதைத் தேய்ப்பார்கள், எது குறையும், எதை நிரப்புவார்கள் என்று கேட்கலாம். இயந்திரம் சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லித் தரலாம்.

மூன்றாவது, மன்றத்துக்கு. ஒரே தாளில் அடங்கும் தமிழ் வழிகாட்டி ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். ஒரு பக்கம் ஓசைகளும் அவற்றின் பொதுவான காரணங்களும், மறுபக்கம் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கட்டும். மெக்கானிக்குகள் சிலரை உடன் அமர்த்தி அவர்கள் வாய்மொழியைக் கேட்டு அதை எழுத வேண்டும். பட்டறையில் வழங்காத சொல் அத்தாளில் இடம்பெற வேண்டாம்.

மின்கார்கள் பெருகினால் இயந்திர எண்ணெயும் பிளக்கும் மறையும். டயரும் பிரேக் எண்ணெயும் 12 வோல்ட் பேட்டரியும் பின்னும் இருக்கும். எந்த வண்டி வந்தாலும் சில பொருள்கள் தேயும், சில தளரும், சில கசியும். அவற்றைக் கண்டு சொல்லவும் கேட்டறியவும் நம்மிடம் சொற்கள் உண்டு. வாசலில் அடுத்த முறை வேன் வந்து நிற்கும்போது அவற்றை எடுத்துப் பயன்படுத்துங்கள்.